பிறந்தநாள் செய்தித்தாள்: சாந்தி வீட்டில் சிரிக்கச் சிரிக்க வாசிப்பது எப்படி

செட்டிநாட்டில் சாந்தி, அதாவது அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்றால் முதல் நாள் மாலையே வீட்டின் உள்முற்றமான வளவில் பங்காளிகளும் தாயபிள்ளைகளும் கூடிவிடுவார்கள். விழா நாயகர் பிறந்த அன்றைய செய்தித்தாளைத் தேடிப் பிடித்து, தலைப்புகளை ஒவ்வொன்றாக வாசித்துச் சிரிக்க வைப்பதற்கு அதைவிட நல்ல வேளை கிடையாது. ஏழெட்டு நிமிடம் போதும். தயாரிப்புக்குத்தான் இரண்டு வாரம் வேண்டும்.

முதலில் தேதி. பெரும்பாலும் பிசகுவது இங்கேதான். சாந்தி நடப்பது நட்சத்திரப்படி. எனவே விழாத் தேதியிலிருந்து அறுபது வருடம் பின்னால் எண்ணக் கூடாது. பள்ளிச் சான்றிதழையும் நம்ப வேண்டாம். பள்ளியில் சேர்க்கும்போது தேதியை மாற்றிக் கொடுத்தவர்கள் ஏராளம். ஜாதகத்தைப் பாருங்கள். அதிலும் ஒரு கண்ணி உண்டு. பஞ்சாங்க நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. ‘ஞாயிறு பின்னிரவு 3 மணி’ என்று ஜாதகத்தில் இருந்தால் ஆங்கிலக் கணக்கில் அது திங்கட்கிழமை.

அடுத்து, பிறந்த அன்று வந்த காலை இதழில் இருப்பது முந்தைய நாள் செய்தி. குழந்தை பிறந்த நாளில் நடந்தது வேண்டுமென்றால் மறுநாள் இதழைத் தேட வேண்டும். இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. வாசிப்பதற்கு ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். இரண்டையும் கலந்தால் ‘அந்த ஒரு நாள்’ என்ற பிடி போய்விடும்.

இதழ் எங்கே கிடைக்கும்? வீட்டிலேயே தேடத் தொடங்குங்கள். பெட்டகத்தின் அடித்தட்டு, டிரங்குப் பெட்டியின் உட்புறம், சாமி படங்களின் பின்பக்கம் எல்லாவற்றிலும் பழைய தாள் விரித்திருப்பார்கள். பசை போட்டு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், இருக்கிற இடத்திலேயே படம் எடுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் கேட்ட தேதி கிடைப்பது அதிர்ஷ்டம். உறுதியான வழி நூலகம். கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த நூல்களும் இதழ்களும்தான் 1994இல் சென்னையில் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளம். இப்போது அது தரமணியில் இருக்கிறது. கன்னிமாரா நூலகத்திலும் விசாரிக்கலாம். போகுமுன் அந்த வருடத்தில் எந்தெந்த நாளிதழ் வந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்: தினமணி 1934இல் தொடங்கியது, தினத்தந்தி 1942இல்.

கையில் கிடைத்த தாளைப் பதமாகக் கையாளுங்கள். செய்தித்தாள் மட்டமான மரக்கூழில் செய்தது. அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டு மஞ்சளாகும், அமிலம் ஊறி மடிப்பிலேயே ஒடியும். செலோடேப் ஒட்டவே கூடாது. பசை எழுத்தின் மேல் கறையாக இறங்கும். லேமினேஷனும் வேண்டாம், அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. ஈரமில்லாத கையோடு, தாளைவிடப் பெரிய மேசையில் வைத்து விரியுங்கள். காலை ஒன்பது மணிவாக்கில் வளவுப் பத்தியின், அதாவது தாழ்வாரத்தின், நிழல் வெளிச்சம் படம் எடுக்க மிக நன்றாக இருக்கும். ஃபிளாஷ் வேண்டாம். தேதி தெரியும்படி முழுப் பக்கத்தை ஒரு படம், பிறகு நான்கு பகுதிகளாக ஒன்றன் ஓரம் மற்றதில் விழும்படி நான்கு படம்.

இனிமேல்தான் ரசமான வேலை: தேர்வு. 1969 ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்வோம். முந்தைய நாள் மாலை 14 பெரிய வங்கிகளை அரசுடைமையாக்கும் அவசரச் சட்டம் வந்தது. அதே இரவு, நம் நேரப்படி 11 மணிக்குச் சற்றுமுன், அப்பல்லோ 11 சந்திரனைச் சுற்றத் தொடங்கியது. ஒரே நாள் இதழில் வானமும் பணப்பெட்டியும். வேறு ஊரில் சந்திரன் ஜெயிக்கலாம். இங்கே கதை வேறு: அந்தப் பதினான்கில் ஒன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, 1937இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. எனவே வாசிப்பவர் சந்திரன் செய்தியைச் சொல்லிவிட்டு, “அங்கே மூணு பேர் சந்திரனைச் சுத்திக்கிட்டிருக்காக. இங்கே நம்ம ஐயா பாஸ்புக் எங்கேன்னு வீட்டைச் சுத்திக்கிட்டிருந்தாக” என்றால் போதும். ஆச்சிமார் முதலில் சிரிப்பார்கள்.

இதே நாளில் தவறும் எளிது. நம் நேரப்படி சந்திரனில் இறங்கியது 21ஆம் தேதி அதிகாலை 1.47, கால் வைத்தது காலை 8.26. ஆகவே ஆம்ஸ்ட்ராங் கால்வைத்த செய்தி 21ஆம் தேதிக் காலை இதழில் இருக்காது. இறங்கிய செய்திகூட, முன்கூட்டியே அச்சாகும் வெளியூர்ப் பதிப்பில் இல்லாமல், நகரப் பதிப்பில் மட்டும் இருக்கலாம். இரண்டிலும் தேதி ஒன்றுதான். நினைவிலிருந்து தலைப்பு எழுதாமல் தாளைப் பார்த்தே எழுதுங்கள்.

மொத்தம் எட்டு உருப்படிகள் போதும்: பெரிய தலைப்பு இரண்டு, உள்பக்கத் துணுக்கு மூன்று, விளம்பரம் இரண்டு, விலை ஒன்று. விளம்பரத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். கூந்தல் தைலமும் டானிக்கும் தருகிற சிரிப்பை அமைச்சர் பேச்சு தராது. விலையைத் தனியாக வாசித்தால் ‘அடேயப்பா’ என்பதோடு முடிந்துவிடும். அதே இதழின் ‘ஆள் தேவை’ பகுதியிலிருந்து ஒரு சம்பளத்தையும் சேர்த்து வாசியுங்கள், அப்போதுதான் அந்த விலை எத்தனை நாள் உழைப்பு என்று புரியும். 1957 ஏப்ரலுக்கு முந்தைய இதழானால் 16 அணா ஒரு ரூபாய் என்று பிள்ளைகளுக்கு ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

சாவு, விபத்து, பஞ்சம், சாதி இவற்றை வைத்துச் சிரிப்பு வேண்டாம். 1942இல் பிறந்தவரின் இதழில் ஜப்பான் படையெடுத்த பர்மாச் செய்தி பெரும்பாலும் வரும். ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவர்களின் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் செய்தியை மரியாதையோடு ஒரு வரியில் சொல்லி நகருங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

வாசிக்கும் முறை: தலைப்பை ஓர் எழுத்தும் மாற்றாமல் படித்து, மூச்சு விடும் நேரம் நிறுத்தி, ஒரே ஒரு வரி சொல்லுங்கள். அந்த வரி தலைப்பைவிட நீண்டால் சிரிப்பு செத்துவிடும். இரண்டாவது பெரிய தலைப்பைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாசிப்பவர் பேரன் பேத்தியாக இருந்தால் நல்லது, ஆனால் மூன்று முறையாவது உரக்கப் படித்துப் பழகட்டும். 1978க்கு முந்தைய தாளில் ணை, லை, றா போன்றவை பழைய வடிவில் இருப்பதால் நேரடியாகப் படிக்கும் பிள்ளை தடுமாறும். இன்றைய எழுத்தில் பெரிதாக அச்சடித்துக் கொடுங்கள்.

முழுப் பக்கப் படத்தை ஏ3 தாளில் அச்சிட்டுப் பட்டாலைக் கூடத்தில் மாட்டலாம். அசலை மாட்ட வேண்டாம். துவைத்து உலர்த்திய, கஞ்சி போடாத வெள்ளை வேட்டியில் மடிக்காமல் வைத்துப் பெட்டகத்தின் மேல்தட்டில் படுக்கையாக வையுங்கள். ஐப்பசி மழை முடிந்ததும் தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சி விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.