வங்கியில் பதவி உயர்வு நேர்காணலுக்கு ஆயத்தமாவது எப்படி?

பொதுத்துறை வங்கியில் முதல் நிலை அதிகாரியாக இருந்து இரண்டாம் நிலைக்கு உயர விரும்புபவர், தம் கிளையின் வைப்புத்தொகை, கடன் நிலுவை, வாராக்கடன் ஆகியவற்றின் சென்ற ஆண்டு, இவ்வாண்டு அளவுகளை ஒரே தாளில் கைப்பட எழுதி, ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் காரணத்தைப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். பொதுவாகத் தவணை 90 நாள்களுக்கு மேல் நின்றால் அது வாராக்கடன் என்பதும், வங்கி தரும் கடனில் வேளாண்மை, சிறுதொழில் போன்ற முன்னுரிமைத் துறைக்கு 40 விழுக்காடு, அந்த 40-இல் வேளாண்மைக்கு மட்டும் 18 என்ற இலக்கும் தயங்காமல் நாவில் வர வேண்டும்.

“நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்பதே கடினமான கேள்வி. ‘கிளை வளர்ந்தது’ என்பது அதற்குப் பதிலாகாது. தவணை நின்றுபோன மளிகைக்கடைக்காரரிடம் எத்தனை முறை சென்றீர்கள், என்ன பேசினீர்கள், பணம் எப்போது வரத் தொடங்கியது என்று வரிசையாகச் சொல்லுங்கள். இடமாற்றம் பற்றியும் கேட்கக்கூடும் என்பதால், வீட்டாருடன் முன்பே பேசி முடிவெடுத்துவிட்டுச் செல்லுங்கள்.