‘தி ட்ரைப்’: சப்டைட்டில் இல்லாத ஒரு படத்தைப் பார்ப்பது எப்படி

உக்ரைன் இயக்குநர் மிரோஸ்லாவ் ஸ்லாபோஷ்பித்ஸ்கியின் ‘தி ட்ரைப்’ 2014இல் வெளிவந்தது. தொடங்குவதற்கு முன்பே அது பார்வையாளருக்கு ஒரு நிபந்தனை விதிக்கிறது: இந்தப் படத்தின் மொழி சைகை மொழி, இதற்கு மொழிபெயர்ப்போ சப்டைட்டிலோ பின்னணிக் குரலோ கிடையாது. அதன் பிறகு இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும் படத்தில் நமக்கென்று எதுவும் விளக்கப்படுவதில்லை, இசையும் சேர்க்கப்படவில்லை. கீவ் நகரில் காது கேளாதோருக்கான ஒரு விடுதிப் பள்ளியும், அதற்குள் அடிதடி, வழிப்பறி, பாலியல் தொழில் என்று பிழைக்கும் ஓர் இளைஞர் கும்பலும், அந்தக் கும்பலுக்குள் புதிதாக வந்து சேரும் ஒரு பையன் அங்கிருக்கும் ஒரு பெண்மீது கொள்ளும் காதலும்தான் கதை. பாதியில் எழுந்து போனவர்களையும், பார்த்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தவர்களையும் எனக்குத் தெரியும். முதல் வகையினர் பெரும்பாலும் தவறான விதத்தில் பார்க்கத் தொடங்கியவர்கள் என்பது என் கணிப்பு.

முதலில், சரியான பிரதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யாராவது ஆர்வத்தில் சப்டைட்டில் சேர்த்த பிரதி கைக்குக் கிடைத்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள், அல்லது சப்டைட்டிலை அணைத்துவிடுங்கள். கண் எழுத்துக்குப் போகும் ஒவ்வொரு நொடியும் கையையும் தோளையும் கால்களையும் தவறவிடும் நொடி. இந்தப் படத்தின் சேதி முழுவதும் அங்கேதான் இருக்கிறது. இந்தியச் சைகை மொழி அறிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து மொழிபெயர்க்கச் சொல்லலாமே என்று தோன்றக்கூடும். ஆனால் சைகை மொழிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுபவை. படத்தில் வருவது உக்ரைனியச் சைகை மொழி. போதாததற்குக் கேமரா பல இடங்களில் பேசுபவர்களின் முதுகுப் பக்கமாகவோ, கைவிரல்கள் தெளிவாகத் தெரியாத தொலைவிலோதான் நிற்கிறது.

கதையை எவ்வளவு தெரிந்துகொண்டு போவது என்பது அடுத்த கேள்வி. முழுக் கதைச்சுருக்கத்தையும் படித்துவிட்டால் படம் வெறும் சரிபார்ப்பாகிவிடும். ஒன்றுமே தெரியாமல் போனால் முதல் அரை மணி நேரம் யார் யார் என்ற குழப்பத்திலேயே கழியும். ஐந்து பேரை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். புதிதாக வரும் பையன் செர்ஹி. கும்பலின் தலைவன். இரவில் லாரிகள் நிற்கும் இடத்துக்கு ஓட்டுநர்களிடம் அழைத்துச் செல்லப்படும் இரண்டு மாணவிகள், ஆன்யாவும் ஸ்வெத்லானாவும். இந்த வியாபாரத்தில் பங்குள்ள மரவேலை ஆசிரியர். பெயர்கள் படத்தில் ஒலிப்பதில்லை என்பதால் அவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஆன்யா பொன்னிறத் தலைமுடி கொண்டவள் என்று நினைவில் வைத்தாலே போதும்.

ஒலியைக் குறைத்து வைத்துப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் பெரிய தவறு. வசனமும் இசையும் இல்லாத படம் என்றதும் ஒலி முக்கியமில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். உண்மை நேர்மாறானது. காலடி ஓசை, கதவு சாத்தப்படுவது, துணி உரசுவது, வேகமாகச் சைகை செய்யும்போது கைகள் ஒன்றோடொன்று மோதுவது, மூச்சு வாங்குவது ஆகிய அனைத்தையும் நாம் கேட்கிறோம், ஆனால் படத்தின் மாந்தர்களுக்கு அவை கேட்பதில்லை. இந்த இடைவெளியை இயக்குநர் ஓரிடத்தில் பயன்படுத்தும் விதம் நெஞ்சை உறைய வைக்கும்: ஓர் ஆபத்து பின்னாலிருந்து நெருங்குவது நமக்குக் கேட்கிறது, அங்கே நிற்பவனுக்குக் கேட்கவில்லை, நாம் கத்தினாலும் பயனில்லை. ஆகவே நல்ல ஹெட்போனுடனோ, அமைதியான அறையில் நல்ல ஸ்பீக்கருடனோ பாருங்கள்.

கமல்ஹாசன் நடித்த, வசனமே இல்லாத ‘பேசும் படம்’ பார்த்து ரசித்த நினைவோடு இதை அணுகுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே பேச முடிந்தவர்கள் பேசாமல் இருந்தார்கள், அந்த விளையாட்டில் நமக்கும் இடம் இருந்தது. இங்கே எல்லோரும் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். புரியாதவர்கள் நாம் மட்டுமே. காது கேட்கும் மனிதர்களின் கூட்டத்தில் காது கேளாத ஒருவர் நாள்தோறும் நிற்கும் இடத்தில் நம்மை நிறுத்துவதற்காகவே இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி, சொற்கள் போய்விட்டால் நாம் மனிதர்களை எதைக் கொண்டு அளக்கிறோம் என்பதை நமக்கே காட்டுவது. ஆகவே ஒவ்வொரு சைகைக்கும் பொருள் தேடாதீர்கள். நான் முதல்முறை பார்த்தபோது அடிக்கடி நிறுத்தி ஊகம் செய்துகொண்டிருந்தேன், அதனால் முதல் ஒரு மணி நேரம் எனக்கு வீணாயிற்று. கையசைவு எவ்வளவு அகலமாக இருக்கிறது, எவ்வளவு வேகம், எதிரே நிற்பவர் பின்வாங்குகிறாரா நெருங்குகிறாரா என்பதைக் கவனித்தால் மிரட்டல், பேரம், கெஞ்சல் எல்லாம் தாமாகவே பிடிபடும். நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்லர், காது கேளாத இளைஞர்கள். கோபத்தில் உடல் முழுவதும் பேசுவது அவர்களுக்கு நடிப்புப் பயிற்சியால் வந்தது அன்று.

படம் மெதுவாக நகர்கிறது என்று குறைப்படுபவர்கள் ஷாட்டுகளின் அமைப்பைக் கவனிக்கவில்லை என்றே நினைக்கிறேன். மொத்தப் படத்திலும் ஏறக்குறைய முப்பத்தைந்து ஷாட்டுகள்தான் இருக்கின்றன. ஒளிப்பதிவும் எடிட்டிங்கும் ஒருவரே, வாலெந்தின் வாசியானோவிச். குளோசப் கிட்டத்தட்ட இல்லை. முதல் காட்சியில் கேமரா சாலையின் மறுபக்கத்தில் நிற்க, பேருந்து நிறுத்தத்தில் செர்ஹி வழி கேட்கிறான். இடையே வாகனங்கள் கடக்கின்றன. அடுத்து பள்ளியின் ஆண்டுத் தொடக்க விழாவைக் கண்ணாடிக்கு வெளியே இருந்து பார்க்கிறோம். சாலை, கண்ணாடி என்று ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறது. பிறகு கேமரா விடுதியின் தாழ்வாரங்களில் அவர்கள் பின்னாலேயே நடக்கத் தொடங்கும்போது நாமும் கும்பலில் ஒருவராகிவிட்ட உணர்வு வருகிறது. அந்த இடமாற்றம் எப்போது நிகழ்ந்தது என்று கவனித்துக்கொண்டே வாருங்கள். நேரம் போவது தெரியாது.

இதை டிஸ்டோபியா, அதாவது கொடுமையான ஆட்சிக்குள் சிக்கிய ஒரு கற்பனைச் சமூகத்தின் கதை, என்று அழைப்பது சரியா என்ற கேள்வி எழலாம். எதிர்காலம் இல்லை, சர்வாதிகாரி இல்லை, இயந்திரங்கள் இல்லை. ஆனால் வெளியுலகத்தின் சட்டம் உள்ளே நுழையாத, மூத்தவனுக்கு இளையவன் கப்பம் கட்டும், பெண்ணின் உடலுக்கு விலை குறிக்கப்பட்ட ஒரு முழுமையான ஆட்சி அந்த விடுதிக்குள் நடக்கிறது. பாதுகாக்க வேண்டிய ஆசிரியரே அதன் தரகர். தான் படித்த பள்ளிக்கு அருகில் இத்தகைய விடுதிப் பள்ளி இருந்ததாக இயக்குநர் சொல்லியிருக்கிறார். காது கேளாதவர்களை இப்படி வன்முறையாளர்களாகக் காட்டுவது நியாயமா என்ற எதிர்ப்பும் பொருட்படுத்த வேண்டிய ஒன்றே. இவர்கள் காது கேளாமையால் கெட்டவர்கள் அல்லர், கைவிடப்பட்டதால் இப்படி ஆனவர்கள் என்று படம் சொல்வதாக நான் எடுத்துக்கொள்கிறேன். அப்படி எடுத்துக்கொள்ளாதவர்களிடம் வாதாட எனக்கு விருப்பமில்லை.

காதல் பகுதியைப் பார்க்கும்போது நம் பழக்கமான எதிர்பார்ப்புகளைக் கழற்றி வைக்க வேண்டும். செர்ஹி முதலில் ஆன்யாவிடம் பணம் கொடுக்கிறான். அது வாடிக்கையாளன் தரும் கூலி. அவளும் அதை அப்படியே வாங்கிக்கொள்கிறாள். விலையில் தொடங்கிய ஒன்று எந்தக் கணத்தில் வேறொன்றாக மாறுகிறது என்று உடல்களை வைத்து மட்டுமே கண்டுபிடிக்க வேண்டும். யார் முதலில் முகத்தைத் திருப்புகிறார், யார் அருகில் வர அனுமதிக்கிறார் என்று பாருங்கள். அதே சமயம் அவனை மீட்பனாக எண்ணி ஏமாந்துவிடாதீர்கள். ஆன்யா இத்தாலிக்குப் போக விரும்புகிறாள். அது ஆட்கடத்தல் வியாபாரத்தின் ஒரு கண்ணி என்றாலும் அவளைப் பொறுத்தவரை அது வெளியேறும் வழி. அவள் போகாமல் தடுக்க அவன் செய்பவற்றில் அன்பு எது, உரிமை கொண்டாடல் எது என்று பிரிக்க முடியாமல் போகிறது. கும்பல் கற்றுக்கொடுத்த ஒரே மொழியில்தான் அவனுக்குக் காதலிக்கவும் தெரிகிறது.

படம் வயது வந்தவர்களுக்கு மட்டுமே. வெளிப்படையான உடலுறவுக் காட்சிகளும் கொடூரமான அடிகளும் உண்டு. எல்லாவற்றையும்விடக் கடினமானது ஒரு கருக்கலைப்புக் காட்சி: சாதாரண வீடொன்றில், மயக்க மருந்தின்றி, வெட்டே இல்லாத ஒரே நீண்ட ஷாட்டில் நடக்கிறது, ஆன்யாவின் அழுகுரல் அதில் வெளிப்படுகிறது. அத்தகைய அனுபவம் உள்ளவர்கள் அந்தக் காட்சியைத் தாண்டிச் செல்லலாம், அல்லது படத்தையே விட்டுவிடலாம். அதில் குறை ஒன்றுமில்லை. இறுதிக் காட்சி பற்றி எதுவும் சொல்லப் போவதில்லை, நள்ளிரவில் தனியாகப் பார்க்க வேண்டாம் என்பதைத் தவிர.

கான் திரைப்பட விழாவின் ‘விமர்சகர்கள் வாரம்’ என்ற பிரிவில் 2014இல் முதன்மைப் பரிசு இதற்குக் கிடைத்தது. ஆனாலும் அந்த ஆண்டு ஆஸ்கருக்கு உக்ரைன் அனுப்பியது வேறொரு படம். இதெல்லாம் பார்த்த பிறகு படிக்க வேண்டியவை. இரண்டாம் முறை பார்க்கத் துணிவு இருந்தால், தூதரக வாசலில் விசாவுக்காகக் கூட்டம் நெருக்கியடிக்கும் காட்சியில் ஆன்யாவை விட்டுவிட்டு மற்றவர்களைப் பாருங்கள். 2013-14 குளிர்காலத்தில், ஐரோப்பாவுடன் சேர்வதா வேண்டாமா என்பதற்காகக் கீவ் நகரின் ‘மைதான்’ சதுக்கத்தில் மக்கள் திரண்டிருந்த நாட்களை ஒட்டித்தான் படப்பிடிப்பும் நடந்துகொண்டிருந்தது. அந்த வரிசையில் காது கேட்பவர்களும் அதே தாளுக்காகத்தான் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.