எந்த ஊர் என்று கேட்டு வையுங்கள்

எங்கள் குழுவில் மூன்று பேர். நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன், ரசிகர் பட்டியலும் என் பொறுப்பு. இந்த இரண்டாவது வேலை என் தலையில் விழுந்ததற்குக் காரணம் ஒரு குறுஞ்செய்தி. "போன வாரம் எங்க ஊர்ல வாசிச்சீங்களாமே? உங்களை மூணு இடத்துல ஃபாலோ பண்றேன், ஒண்ணுலயும் கண்ல படலையே!" அன்றைக்குக் கச்சேரிக்கு வந்தவர்கள் 31 பேர். அவர் வந்திருந்தால் 32. அதே ஊரில் அவரைப் போல இன்னும் எத்தனை பேர் தெரியாமல் வீட்டில் இருந்தார்கள் என்று யோசித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது.

கூத்து என்னவென்றால், அதே கச்சேரிக்கு எங்கள் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் மின்னஞ்சல் போயிருந்தது. கடல் தாண்டி இருப்பவர்களுக்கும். "நான் வரணும்னா பிளைட் பிடிக்கணும்" என்று ஒருவர் எழுதிவிட்டு விலகிக்கொண்டார். சொல்ல வேண்டியவருக்குச் சொல்லவில்லை, வேண்டாதவரைத் தொந்தரவு செய்தோம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். பட்டியல் உங்கள் கையில் இருக்க வேண்டும், அதில் ஊர் என்று ஒரு கட்டம் இருக்க வேண்டும்.

இது இணையம் கண்டுபிடித்த வித்தை இல்லை. அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட் 1971-இல் வெளியிட்ட நேரடிக் கச்சேரி இசைத்தட்டின் உறையிலேயே, பெயரையும் முகவரியையும் எழுதி அனுப்புங்கள் என்று ரசிகர்களைக் கேட்டிருந்தது. அப்படிச் சேர்ந்த முகவரிகளுக்குச் செய்தி மடல் போனது. 1983 முதல் டிக்கெட்டையே தபாலில் நேராக ரசிகருக்கு விற்றார்கள்.

சரி, ஏன் சமூக வலைத்தளம் போதாது? அங்கே நீங்கள் போடுவதை யாருக்குக் காட்டுவது என்று தளம்தான் முடிவு செய்கிறது. தளமே நாளைக்கு இருக்குமா என்பது வேறு கதை. சேவையகம் (சர்வர்) மாற்றும்போது பல ஆண்டுகளாக ஏற்றப்பட்டிருந்த பாட்டுக் கோப்புகள் தொலைந்துவிட்டன என்று, ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த சமூக வலைத்தளமான மைஸ்பேஸ் 2019-இல் ஒப்புக்கொண்டது. பாட்டுக்கே அந்த கதி. உங்களைப் பின்தொடர்ந்தவர்களை எங்கே போய்த் தேடுவீர்கள்?

என்ன கேட்க வேண்டும்? பெயர், மின்னஞ்சல், ஊர், நாடு, அஞ்சல் குறியீடு. அவ்வளவுதான். ஒரு கட்டம் கூடினால் நிரப்புகிறவர் ஒருவர் குறைவார். தெரு, கதவு எண் எல்லாம் சட்டையோ இசைத்தட்டோ அனுப்பும்போது கேட்டால் போதும். ஊர் இருக்க, நாடும் குறியீடும் எதற்கு என்றால், ஹைதராபாத் இந்தியாவிலும் உண்டு, பாகிஸ்தானிலும் உண்டு. லண்டன் கனடாவிலும் இருக்கிறது. பர்மிங்காம் இங்கிலாந்தில் ஒன்று, அலபாமாவில் ஒன்று. போதாக்குறைக்கு ஒரே ஊரை நான்கு பேர் நான்கு விதமாக எழுதுவார்கள்.

கேட்கும் நேரம் முக்கியம். கடைசிப் பாட்டு முடிந்த பிறகு கேட்டால், பாதிப் பேர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். கடைசிப் பாட்டுக்கு முந்தைய பாட்டு முடிந்ததும் கேளுங்கள். "அடுத்த தடவை உங்க பக்கம் வந்தா சொல்றோம், எந்த ஊர்னு மட்டும் எழுதிட்டுப் போங்க" என்றால் போதும், அரை நிமிடம்கூட ஆகாது. க்யூஆர் கோடு மேடைக்குப் பக்கத்தில் பெரிதாக இருக்கட்டும். ஒவ்வொரு கச்சேரிக்கும் தனி இணைப்பு வைத்தால், யார் எந்தக் கச்சேரியில் சேர்ந்தார் என்பது தானாகப் பதிவாகும். ஆனால் கச்சேரி நடந்த ஊரையே அவருடைய ஊராகப் போட்டுவிடாதீர்கள். இரண்டு மணி நேரம் பயணம் செய்து வந்தவராக இருக்கலாம். உண்மையில் அவர்தான் உங்கள் தங்கமான ரசிகர்.

தாளையும் விட்டுவிடாதீர்கள். போனில் சார்ஜ் இல்லாதவர், உள்ளே சிக்னல் கிடைக்காதவர் எப்போதும் இருப்பார்கள். மின்னஞ்சலுக்கு எழுத்துக்கு ஒரு கட்டம் என்று கோடு போட்டு வையுங்கள். ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஆர், என் இரண்டும் ஒட்டிக்கொண்டால் எம் ஆகிவிடும். ஒன்றும் எல்லும் இரட்டைப் பிள்ளைகள். அப்படி ஒரு தாளை ஒரு மாதம் பையிலேயே வைத்திருந்து பிறகு கணினியில் ஏற்றினேன். 20 முகவரியில் 6 திரும்பி வந்தது. இப்போதெல்லாம் அன்றிரவே வண்டியில் உட்கார்ந்து ஏற்றிவிடுகிறேன். எழுதியவரின் முகமாவது நினைவில் இருக்கும்.

பாட்டுத் தளங்கள் தரும் கணக்கை எப்படிப் பயன்படுத்துவது? ஸ்பாட்டிஃபை கலைஞர் பக்கத்திலும் இன்ஸ்டாகிராம் கணக்கிலும் எந்த ஊரில் அதிகம் பேர் என்று காட்டும். அது எத்தனை பேர் என்று சொல்லுமே தவிர, யார் என்று சொல்லாது. அவர்களுக்குக் கடிதம் எழுத முடியாது. யாரோ போட்ட பாட்டுத் தொகுப்பில் உங்கள் பாட்டு நுழைந்திருந்தால், பாத்திரம் கழுவும்போது காதில் விழுந்த கணக்கும் அதில் சேர்ந்திருக்கும். எந்த ஊரை முதலில் யோசிக்கலாம் என்ற குறிப்பாக மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். குழுக்கள் தங்கள் பாட்டை ரசிகர்களுக்கு விற்கும் பேண்ட்கேம்ப் தளம் கொஞ்சம் தேவலை. வாங்குகிறவர் சம்மதித்தால் அவருடைய மின்னஞ்சல் உங்களுக்கு வரும், அதை உடனே உங்கள் பட்டியலில் சேர்த்துவிடலாம். கச்சேரி அறிவிப்புத் தளமான பேண்ட்ஸ்இன்டவுனில் தேதியைப் போட்டால், உங்களைப் பின்தொடர்கிறவர்களில் அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அதுவே தகவல் சொல்லும். போட்டு வையுங்கள், நஷ்டமில்லை.

மின்னஞ்சல் அனுப்பித் தரும் சேவைகள் சில, ரசிகர் எங்கே இருக்கிறார் என்று அவையே ஊகித்துத் தரும். நம்பாதீர்கள். அஞ்சலைத் திறந்த கருவியின் இணைய முகவரியை (ஐபி) வைத்துச் செய்கிற ஊகம் அது. 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மின்னஞ்சல் செயலியில் அந்த முகவரியை மறைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. இருக்கும் இடத்தை மறைக்க விபிஎன் போடுகிறவர்கள் கணக்கு தனி. வாயைத் திறந்து கேட்டு வாங்கிய ஊர்தான் ஊர்.

இனி தூரக் கணக்கு. இதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன், எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான். ஊர்ப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால், பக்கத்து ஊர்க்காரர் விட்டுப்போவார். அதனால் எக்செல் போன்ற விரிதாளில் ஒவ்வொரு ஊருக்கும் எதிரே அட்சரேகையும் தீர்க்கரேகையும் போட்டு வையுங்கள், ஊருக்கு ஒரு முறை போட்டால் போதும். கச்சேரி இடத்துக்கும் ரசிகர் ஊருக்கும் உள்ள அட்சரேகை வித்தியாசத்தை 111-ஆல் பெருக்கினால் வடக்கு-தெற்குத் தூரம் கிலோமீட்டரில் வரும். தீர்க்கரேகை வித்தியாசத்தையும் 111-ஆல் பெருக்கி, அட்சரேகையின் கொசைனாலும் பெருக்க வேண்டும், ஏனென்றால் துருவத்தை நோக்கிப் போகப் போக அந்தக் கோடுகள் நெருங்கிவிடும். இரண்டையும் வர்க்கம் செய்து கூட்டி வர்க்கமூலம் எடுங்கள்.

உதாரணமாக, கச்சேரி 40 டிகிரி அட்சரேகையில். ரசிகர் அரை டிகிரி வடக்கே, ஒரு டிகிரி கிழக்கே. வடக்கே 55.5 கிலோமீட்டர். கிழக்கே 111 பெருக்கல் 0.766 (40 டிகிரியின் கொசைன்), அதாவது 85. வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 101 கிலோமீட்டர். விரிதாளில் கொசைன் போடும் முன் டிகிரியை ரேடியனாக மாற்ற மறக்காதீர்கள். நான் மறந்தேன். இரண்டு மணி நேரம் தள்ளி இருந்தவர் அடுத்த தெருக்காரர் ஆகிவிட்டார். இது காக்கை பறக்கும் தூரம் என்பதும் நினைவிருக்கட்டும், நடுவில் மலையோ ஆறோ இருந்தால் சாலைத் தூரம் வேறு. வேலை நாளில் 50 கிலோமீட்டர், வார இறுதியில் 120 என்று நான் வட்டம் போடுகிறேன்.

இந்த வட்டம் அழைப்பு அனுப்ப மட்டுமல்ல, தேதி முடிவு செய்வதற்கு முன்பும் உதவும். எங்கள் அனுபவத்தில் பத்துப் பேருக்கு எழுதினால் ஒருவர் வருவார், வந்தால் துணைக்கு ஒருவரைக் கூட்டி வருவார். வட்டத்துக்குள் 15 பேர்தான் என்றால் அரங்கம் பிடிக்காதீர்கள். அந்த 15 பேருக்கும் எழுதி, அங்கே எந்த இடம் நன்றாக இருக்கும், வேறு யாருடன் சேர்ந்து வாசிக்கலாம் என்று கேளுங்கள். ரசிகர்கள் நினைத்தால் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு மரில்லியன் என்ற பிரிட்டிஷ் ராக் குழு சாட்சி. 1997-இல் அமெரிக்காவில் சுற்றப் பணமில்லை என்றபோது, இணையத்தில் ரசிகர்களே 60,000 டாலர் திரட்டிக் கொடுத்தார்கள்.

அழைப்பை மூன்று வாரத்துக்கு முன் ஒன்று, இரண்டு நாளுக்கு முன் ஒன்று என்று அனுப்புங்கள். தலைப்பில் ஊர்ப் பெயர் முதல் வார்த்தையாக இருக்கட்டும். உள்ளே நாள், நேரம், இடம், டிக்கெட் இணைப்பு, ஒரே ஒரு சொந்த வரி. "போன தடவை மழையில நனைஞ்சுக்கிட்டே நின்னீங்க, இந்தத் தடவை கூரை இருக்கு" என்று ஒருமுறை எழுதினேன், 9 பேர் பதில் போட்டார்கள். தூரத்தில் இருப்பவர்களுக்குக் கச்சேரி அழைப்பே வேண்டாம், புதுப் பாட்டு வரும்போது மட்டும் எழுதுங்கள்.

வாட்ஸாப்பில் செய்யலாமா என்று கேட்பார்கள். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் ஒளிபரப்புப் பட்டியலில் (பிராட்காஸ்ட் லிஸ்ட்) 256 பேர் வரைதான், அதிலும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் போகும். ஒரு ஊருக்கு ஒரு பட்டியல் என்றால் ஆரம்பத்தில் தாராளமாகப் போதும்.

சட்டம், மரியாதை இரண்டும் இங்கே ஒன்றுதான். சம்மதம் இல்லாமல் யாரையும் சேர்க்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது, அங்கே உள்ள ரசிகர் அழிக்கச் சொன்னால் அழித்தாக வேண்டும். விலகும் இணைப்பு ஒவ்வொரு கடிதத்திலும் இருக்கட்டும். கையால் அனுப்புகிறவர்கள் எல்லா முகவரியையும், ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத மறைநகல் (பிசிசி) கட்டத்தில் போடுங்கள். நான் ஒருமுறை 60 பேரை மேல் கட்டத்தில் போட்டுவிட்டு, இரவெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியாக, வருடத்துக்கு ஒருமுறை "இன்னும் அதே ஊர்தானா?" என்று கேட்டு எழுதுங்கள். குறுஞ்செய்தி அனுப்பியவரைச் சொன்னேன் இல்லையா? அவரை அன்றே பட்டியலில் சேர்த்தேன். அடுத்த ஆண்டு அவர் ஊருக்கே மறுபடி போனபோது முதல் அழைப்பு அவருக்குத்தான். பதில் வந்தது: "ரெண்டு மாசம் முன்னாடிதான் வேலை மாறி இங்க வந்துட்டேன்." கீழே புது அஞ்சல் குறியீடு. வரிசையைத் திருத்திவிட்டுத் தூரம் பார்த்தேன், 640 கிலோமீட்டர்.