வாசிப்பு நின்றுபோனால் அடுத்த நூலைத் தேடும் வழி

நெடுநாள் வாசகர்களுக்கும் சில மாதங்கள் எந்த நூலும் பிடிக்காமல் போவதுண்டு. வாங்கி வைத்த நூல்கள் வீட்டிலேயே இருக்கும். எதை எடுத்தாலும் இருபது பக்கத்துக்கு மேல் மனம் செல்லாது. இந்த நிலையில் பலரும் முதலில் நாடுவது, யாரோ தொகுத்த ‘அவசியம் படிக்க வேண்டிய நூறு நூல்கள்’ போன்ற பட்டியலைத்தான். அப்படிப்பட்ட பட்டியல் வாசிக்கத் தொடங்குபவருக்குப் பயன்படலாம். தேங்கி நிற்பவருக்கு அது பெரும்பாலும் உதவுவதில்லை, ஏனெனில் அவர் எங்கே தேங்கினார் என்பது பட்டியலைத் தொகுத்தவருக்குத் தெரியாது. அடுத்த நூலுக்கான தடயம் நாம் ஏற்கெனவே விரும்பிப் படித்த நூல்களுக்குள்தான் இருக்கிறது என்பதே என் உறுதியான கருத்து.

ஆகவே, இறுதியாக எந்த நூலைக் கீழே வைக்க மனமில்லாமல் படித்தோம் என்பதை முதலில் நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். அதில் நம்மைப் பிடித்து வைத்தது எது என்பதை ஒரே ஒரு வாக்கியமாகத் தாளில் எழுதிப் பார்க்கலாம். ‘நல்ல நாவல்’ என்று எழுதினால் அது எங்கும் இட்டுச் செல்லாது. ‘ஏரி வற்றியதால் ஓர் ஊரின் உறவுகள் எப்படி மாறின என்பதைச் சொன்னது’ என்று எழுதினால், அந்த வாக்கியமே பல திசைகளைக் காட்டும்: பாசன வரலாறு, ஊர்களைப் பற்றிய கள ஆய்வு நூல்கள், உழவர் ஒருவரின் தன்வரலாறு, அதே சிக்கலைக் கன்னடத்திலோ மராத்தியிலோ எழுதிய ஒருவரின் மொழிபெயர்ப்பு. நாவலில் தொடங்கிய ஆர்வத்தை நாவலிலேயே தொடர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெரிய நாவல் ஒன்று மனத்தை முழுவதும் நிறைத்துவிட்ட பிறகு, அதே எழுத்தாளரின் அடுத்த நாவலை உடனே எடுப்பது பலருக்கு ஏமாற்றத்தையே தருகிறது. ஒப்பிடும் எண்ணம் இடையிலேயே புகுந்துவிடுகிறது. அப்போது கடிதங்கள், பயணக் கட்டுரைகள், நாட்குறிப்புகள் போன்றவற்றுக்கு நகர்வது நல்லது. வேலைக் களைப்பினால் வாசிப்பு நின்றிருந்தால், ஒரே அமர்வில் முடிந்துவிடும் சிறுகதைகளே போதும்.

அடுத்து, பிடித்த நூலையே மீண்டும் கையில் எடுத்து, வழக்கமாக நாம் தாண்டிச் செல்லும் பக்கங்களைப் படிக்க வேண்டும். முன்னுரையில் ஆசிரியர் நன்றி சொல்லும் பெயர்கள், அடிக்குறிப்புகள், துணைநூற்பட்டியல், பழைய பதிப்புகளின் கடைசிப் பக்கங்களில் பதிப்பகம் அச்சிட்டிருக்கும் ‘எமது பிற வெளியீடுகள்’ ஆகிய ஒவ்வொன்றும் ஒரு வழிகாட்டி. எழுத்தாளர்கள் தமக்குப் பிடித்த பிற எழுத்தாளர்களைப் பற்றி எழுதும் கட்டுரைகள் இன்னும் நம்பகமானவை. சாகித்திய அகாதெமி ‘இந்திய இலக்கியச் சிற்பிகள்’ என்ற வரிசையில் ஓர் எழுத்தாளருக்கு ஒரு சிறு நூல் என வெளியிட்டு வருகிறது. அதுவரை ஒரு வரிகூடப் படித்திராத ஒருவரின் உலகத்தை ஓரிரு மாலைகளில் அறிந்து, அவரைத் தொடர்வதா வேண்டாமா என்று தீர்மானிக்க அந்நூல்கள் பெரிதும் உதவுகின்றன.

மொழிபெயர்ப்பாளர்களைப் பின்தொடர்வது நம்மிடையே மிகக் குறைவாகவே நடக்கிறது, இது வருந்தத்தக்கது. மூல ஆசிரியரின் பெயரை மறக்காத வாசகர்கள், அவரைத் தமிழில் கொடுத்தவரின் பெயரைக் கவனிப்பதே இல்லை. வங்கத்திலிருந்து த.நா. குமாரஸ்வாமியும், மராத்தியிலிருந்து கா.ஸ்ரீ.ஸ்ரீ.யும் தமிழுக்குக் கொண்டுவந்தவை ஒரு தலைமுறையின் ரசனையையே விரிவாக்கின. ஒரு மொழிபெயர்ப்பின் நடை நமக்குப் பிடித்துவிட்டால், அதே கை வேறு எவற்றை மொழிபெயர்த்தது என்று தேடுவது, முன்பின் அறியாத ஓர் ஆசிரியரிடம் கொண்டுசேர்க்கும் குறுக்குவழி. நேஷனல் புக் டிரஸ்டும் சாகித்திய அகாதெமியும் பிற இந்திய மொழிகளிலிருந்து வெளியிட்ட தமிழ்ப் பதிப்புகளில், இன்று பேசப்படாமலே கிடக்கும் நல்ல நூல்கள் ஏராளம். ஆண்டுதோறும் ஜனவரியையொட்டிச் சென்னையில் நடைபெறும் புத்தகக் காட்சியில், கூட்டம் அலைமோதும் அரங்குகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, இவ்விரு நிறுவனங்களின் அரங்குகளுக்கும் சிறு பதிப்பகங்களின் அரங்குகளுக்கும் முதலில் செல்வது என் பரிந்துரை.

இவை அனைத்தையும்விடச் சிறந்த இடம் பொது நூலகம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக 1924இல் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்று இரண்டு விதிகளை அடுத்தடுத்து வைத்தார். நூலை வாசகர் தேடுவதைப் போலவே வாசகரை நூலும் சென்றடைய வேண்டும் என்பதற்காகவே, அலமாரிகளைப் பூட்டி வைக்காமல் வாசகர்கள் தாமே நடந்து பார்க்கும்படி திறந்து விட வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். தேங்கி நிற்பவர் செய்ய வேண்டியது அந்த வசதியை முழுமையாகப் பயன்படுத்துவதுதான். நமக்குப் பிடித்த நூல் இருக்கும் தட்டைக் கண்டறிந்து, அதன் இருபுறமும் உள்ள நூல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். பொருள்வாரியாக அடுக்கப்பட்ட நூலகத்தில் அவை நம் ஆர்வத்துக்கு அக்கம்பக்கத்தவையே. பிறகு, வாசகர்கள் திருப்பிக் கொடுத்து இன்னும் தட்டுக்குப் போகாத நூல்கள் இருக்கும் மேசையைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் மற்றவர்கள் உண்மையில் எதைப் படிக்கிறார்கள் என்பதை அந்த மேசை சொல்லும். நூலகரிடம் ‘ஏதாவது நல்ல புத்தகம் இருக்கிறதா ஐயா?’ என்று கேட்பதைவிட, தாளில் எழுதிய அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கேட்பது பலன் தரும்.

நூலகம் தொலைவில் இருப்போருக்கு இணையத்தில் நல்ல வழிகள் உள்ளன. தமிழ் நூல்களை மின்வடிவில் தருவதற்காகத் தன்னார்வலர்கள் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வைத்திருக்கும் ‘நூலகம்’ என்ற நிறுவனத்தின் தளம் ஆகிய மூன்றும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பழைய இதழ் ஒன்றின் முழுத் தொகுதியைத் திறந்து மதிப்புரைப் பகுதியை மட்டும் படித்துவந்தால், இன்று யாரும் பெயர் சொல்லாத நூல்கள் கண்ணில் படும். அப்படிக் கிடைத்த பெயர்களை ஒரே நோட்டில் குறித்து வைப்பது அவசியம், இல்லையெனில் மறந்துபோகும்.

நூலைக் கண்டடைந்த பிறகும் அது நமக்கு ஒத்துவருமா என்று சோதிக்க வேண்டும். பின்னட்டை வாசகத்தை நம்பாமல், முதல் பக்கத்தையும் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தையும் மெதுவாகப் படித்துப் பார்க்கலாம். நடுப்பக்கத்தில் நடை தளராமல் இருந்தால் எடுத்துச் செல்லலாம். ஒரே வகையில் மூன்று நூல்கள் எடுப்பதைவிட, ஒரு புனைவு, ஒரு தன்வரலாறு, நமக்குச் சிறிதும் பழக்கமில்லாத துறையிலிருந்து ஒன்று என எடுப்பது நல்லது. ஐம்பது பக்கம் படித்தும் பிடிக்காத நூலைத் தயங்காமல் மூடிவிடலாம். முடிக்காத நூலின் குற்ற உணர்வுதான் பலரை அடுத்த நூலைத் தொடவிடாமல் தடுக்கிறது. மூடும்போது, எது பிடிக்கவில்லை என்பதை அதே நோட்டில் ஒரு வரியாக எழுதிவிட்டு, மீதமுள்ள இரண்டில் ஒன்றை அன்றைக்கே தொடங்கிவிட வேண்டும்.