குதிரை எலும்பில் பழைய டிஎன்ஏ தேடும்போது

உட்காதைச் சூழ்ந்த கெட்டி எலும்பு கிடைத்தால் அதையே எடுங்கள், இல்லையென்றால் பல். துளையிடும் முன் படமெடுத்து அளந்து வையுங்கள், பொடியான எலும்பு திரும்ப வராது. கையுறை இரண்டு அடுக்கு. ஒருமுறை முகமூடியைச் சரிசெய்த கையோடு பொடியைத் தொட்டுவிட்டேன். அந்த மாதிரியில் குதிரையைவிட நான்தான் அதிகம்! எலும்பு போடாத வெற்றுக் குழாய் ஒன்றும் எப்போதும் கூடவே போகட்டும், அதில் டிஎன்ஏ தெரிந்தால் வெளியிலிருந்து கலந்தது என்று பொருள்.

டிஎன்ஏ வரிசையைப் படித்ததும் அதன் துண்டுகளின் நுனியைப் பாருங்கள். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் சைட்டோசின் இருக்கவேண்டிய இடத்தில் தைமின் கூடியிருந்தால் சரி, பழையதுதான்.

அப்புறம் மற்றக் குதிரைகளின் டிஎன்ஏவோடு ஒப்பீடு. கஜகஸ்தானின் போட்டாய் என்ற பழங்காலக் குடியிருப்பில் கிடைத்த குதிரைகளை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அவை மங்கோலியப் புல்வெளியில் திரியும் பிரெவால்ஸ்கி குதிரைகளின் கிளையைச் சேர்ந்தவை என்று 2018-இல் தெரிந்தது. இன்றைய வீட்டுக் குதிரைகளின் வேர் ரஷ்யாவின் வோல்கா–டான் ஆறுகளை ஒட்டிய புல்வெளி என்று 2021-இல் 273 பழைய மரபணுத்தொகுதிகள் காட்டின. இரண்டு கிளையையும் சேருங்கள்.