திருச்சபைப் பிரிவு 1054-ல் தொடங்கவில்லை: ஆதி வரலாற்றைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வலம்வரும் படம் ஒன்று உண்டு. அடியில் இயேசுவும் பன்னிரு சீடர்களும். அங்கிருந்து நேரே மேலேறும் ஒரே தண்டு. 1054-ல் கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ் என இரண்டு கிளை, 1517-ல் புராட்டஸ்டன்ட் என இன்னொரு கிளை. மனதில் சட்டென்று பதிந்துவிடும். ஆனால் அந்தப் படத்தில் எகிப்தின் காப்டிக் திருச்சபைக்கு இடமில்லை. அர்மீனியருக்கும் எத்தியோப்பியருக்கும் இடமில்லை. பக்கத்துக் கேரளத்தில் இருக்கும் சிரியன் கிறிஸ்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டால் அதனால் பதில் சொல்ல முடியாது.

இந்த வரலாற்றை எழுதுபவர்களும் வகுப்பெடுப்பவர்களும் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இரண்டுதான். பிரிவுக்கு ஒரே ஒரு தேதியைத் தேடுவது ஒன்று. தோற்ற தரப்பைப் பற்றி வென்ற தரப்பு சொன்னதை மட்டும் கேட்டுக்கொள்வது இன்னொன்று.

"ஆரம்பத்தில் எல்லோரும் ஒருமனதாக இருந்தார்கள், பிறகுதான் கெட்டுப்போனது" என்பதுதான் நான் அதிகம் கேட்கும் வாக்கியம். புதிய ஏற்பாடே இதை ஒப்புக்கொள்ளாது. கொரிந்து சபையில் ஒருவர் தன்னைப் பவுலின் ஆள் என்றார், ஒருவர் அப்பொல்லோவின் ஆள் என்றார், இன்னொருவர் கேபாவின் (அதாவது பேதுருவின்) ஆள் என்றார். அந்தியோக்கியாவில் பேதுருவை முகத்துக்கு முகம் எதிர்த்ததாகப் பவுல் கலாத்தியருக்கு எழுதுகிறார். காரணம் சாப்பாடு. யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் ஒதுங்கிக்கொண்டார். யூதரல்லாதவர் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்ற கேள்விக்காகத்தான் ஏறக்குறைய 49-ல் எருசலேமில் கூட்டமே கூடியது. "வேண்டாம், ஆனால் சிலைகளுக்குப் படைத்ததையும் இரத்தத்தையும் விலக்குங்கள்" என்கிற ரீதியில் முடிவு வந்தது. ஒருமனம் இருந்ததென்றால், அது இப்படிச் சண்டை போட்டுப் பேசித்தான் வந்தது.

இதையொட்டியே வருவது, "கிறிஸ்தவத்தை நிறுவியவர் பவுல்" என்ற பேச்சு. அவருடைய கடிதங்கள்தான் நம்மிடம் உள்ள மிகப் பழைய கிறிஸ்தவ எழுத்துகள் என்பது உண்மை. ஆனால் ரோமாபுரிச் சபைக்கு அவர் கடிதம் எழுதியபோது அந்த ஊருக்கே அவர் போனதில்லை. அவருக்கு முன்பே அங்கே சபை இருந்தது. அதேபோல, யூத மதத்திலிருந்து கிறிஸ்தவம் எந்த நாளில் பிரிந்தது என்றும் தேடாதீர்கள். 70-ல் எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்டதும், 132 முதல் 135 வரை ரோமுக்கு எதிராக நடந்த யூதக் கிளர்ச்சியும் இடைவெளியைப் பெரிதாக்கின. ஆனாலும் 386-ல் அந்தியோக்கியாவில் யோவான் கிறிசோஸ்தோம், தன் சபையார் யூதப் பண்டிகைகளுக்குப் போவதைக் கண்டித்து ஆவேசமாகப் பிரசங்கம் செய்ய வேண்டியிருந்தது. சாதாரண ஜனங்களுக்கு அந்த எல்லை அவ்வளவு நாள் தெளிவாக இருக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

"முந்நூறு ஆண்டுகள் இடைவிடாத துன்புறுத்தல்" என்பதையும் விட்டுவிடலாம். 64-ல் நீரோவின் கொடுமை ரோம் நகரோடு நின்றது. பேரரசு முழுமைக்கும் ஆணை போனது 250-ல், பேரரசர் டேசியஸ் காலத்தில். எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பதே அந்த ஆணை. எகிப்தின் மணலில் அப்படிப்பட்ட பப்பைரஸ் துண்டுகள் நாற்பதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் விண்ணப்பிப்பவர் பெயர், ஊர், வயது 72, வலது புருவத்தில் தழும்பு என்று அங்க அடையாளம் வரை எழுதியிருக்கிறது. அப்புறம், "எப்போதும் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பலியிட்டேன், பானம் வார்த்தேன், படையலைச் சுவைத்தேன்" என்ற வாசகம். அதன் கீழே சாட்சியின் கையொப்பம். நம் ஊர் தாசில்தார் அலுவலகச் சான்றிதழ் போலவே இருக்கும்.

இந்தக் காகிதத்தை நான் விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆதித் திருச்சபையின் பெரிய பிளவுகள் சில இதிலிருந்துதான் வந்தன. பயந்து பலியிட்டவர்கள், லஞ்சம் கொடுத்துக் காகிதம் மட்டும் வாங்கியவர்கள், துன்புறுத்தல் அடங்கியதும் சபைக்குத் திரும்பினார்கள். சேர்க்கலாமா? தவம் செய்தால் சேர்க்கலாம் என்றார்கள் ரோம் ஆயர் கொர்நேலியுவும் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானும். கூடாது என்ற நோவாத்தியான் 251-ல் தனித் திருச்சபையே தொடங்கினார். 303-ல் பேரரசர் டயோக்ளீஷியன் வேத நூல்களை ஒப்படைக்கச் சொன்னபோது அதே கேள்வி வட ஆப்பிரிக்காவில் இன்னும் கசப்பாகத் திரும்பியது. நூலை ஒப்படைத்தவர் என்று குற்றம்சாட்டப்பட்ட ஓர் ஆயர் கைவைத்து அபிஷேகம் செய்த இன்னோர் ஆயரின் பதவி செல்லுமா, செல்லாதா? செல்லாது என்றவர்களே டொனாட்டிஸ்டுகள். 411-ல் கார்த்தேஜில் இரு தரப்பும் நேருக்கு நேர் கூடியபோது, ஒவ்வொரு பக்கமும் 270-க்கும் மேற்பட்ட ஆயர்கள் இருந்தார்கள். இவர்களுக்குள் விசுவாச அறிக்கையில் வேறுபாடே கிடையாது. எல்லாப் பிரிவும் கொள்கைப் பிரிவு என்று எழுதுகிறவர்கள் இந்த நூறாண்டுச் சண்டையைக் கணக்கில் எடுப்பதேயில்லை.

325-ல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் பற்றி எத்தனை தவறுகள் சுற்றுகின்றன என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். முதலில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன். 313-ல் அவர் கிறிஸ்தவத்தை அரச மதம் ஆக்கவில்லை. கிறிஸ்தவர் உட்பட எல்லோருக்கும் வழிபாட்டுச் சுதந்திரம் கிடைத்தது, அவ்வளவுதான். நிசேய விசுவாசத்தையே குடிமக்கள் பின்பற்ற வேண்டும் என்று ஆணையிட்டவர் பேரரசர் தியோடோசியஸ், 380-ல்.

அடுத்து, "இயேசு கடவுள் என்று 325-ல் ஓட்டுப்போட்டு முடிவு செய்தார்கள்" என்ற கதை. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஏறக்குறைய 112-ல், பிளினி என்ற ரோம ஆளுநர், கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள் என்று பேரரசர் டிராஜனுக்கு எழுதிவிட்டார். நிசேயா கண்டித்த அலெக்சாந்திரியா குரு அரியுஸும் இயேசுவை வெறும் மனிதர் என்று சொல்லவில்லை. உலகம் உண்டாகுமுன்பே மகன் இருந்தார் என்று அவரும் நம்பினார். ஆனால் அந்த மகனும் தந்தையால் இல்லாமையிலிருந்து உண்டாக்கப்பட்டவர், அவர் இல்லாத ஒரு நிலை இருந்தது என்றார். சண்டை அந்த இடத்தில்தான்.

பைபிளில் எந்த நூல்கள் இருக்க வேண்டும் என்று நிசேயா தீர்மானித்ததாகச் சொல்வதும் தவறு. அங்கே இயற்றிய 20 விதிகளில் அப்படி ஒன்றுமே இல்லை. இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லும் மிகப் பழைய பட்டியல், 367-ல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு எழுதிய உயிர்ப்புப் பெருவிழாக் கடிதத்தில் இருப்பது.

நிசேயாவோடு எல்லாம் முடிந்ததாக எழுதுவதுதான் இவற்றில் மோசமானது என்பேன். 337-ல் சாகும் தருவாயில் கான்ஸ்டன்டைனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரே அரியுஸின் ஆதரவாளரான நிக்கோமேதியா யூசேபியு. நிசேயாவை விடாப்பிடியாகக் காத்த அத்தனாசியு ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். 381-ல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கம்தான் அந்தப் போராட்டத்தைப் பேரரசுக்குள் ஓரளவு முடித்தது. ஞாயிறுதோறும் நாம் நிசேயா பெயரால் சொல்லும் விசுவாச அறிக்கையின் வடிவமும் அந்தச் சங்கத்தோடு சேர்ந்ததே.

இனி கிழக்கு. நம் ஊர்க் கட்டுரைகள் இங்கேதான் அதிகம் தடுமாறுகின்றன. "431-ல் எபேசு சங்கத்தில் கண்டிக்கப்பட்ட நெஸ்தோரியு பாரசீகத்துக்குப் போய்ச் சபை தொடங்கினார்" என்பார்கள். கான்ஸ்டான்டிநோபிளின் ஆயராக இருந்த அவர் எகிப்தில் நாடுகடத்தப்பட்டவராகவே வாழ்வை முடித்தார். பாரசீகச் சபை அவருக்கு முன்பே இருந்தது. செலூக்கியா-தெசிபோனில் 410-லேயே அது தன் சங்கத்தைக் கூட்டி நிர்வாகத்தை ஒழுங்கு செய்தது. 424-ல், அதாவது எபேசுவுக்கு ஏழு ஆண்டுகள் முன்பே, மேற்கத்திய ஆயர்களிடம் மேல்முறையீடு கிடையாது என்று தீர்மானித்துவிட்டது. ரோமும் பாரசீகமும் பகை நாடுகள். ரோமப் பேரரசர் கிறிஸ்தவரான பிறகு, பாரசீகக் கிறிஸ்தவர்கள் எதிரியின் ஒற்றர்களாகப் பார்க்கப்பட்டார்கள், பாரசீக அரசர் இரண்டாம் ஷாப்பூர் காலத்தில் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆயர்களுக்குக் கீழ்ப்படிகிறோம் என்று சொல்வது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

கீழைத் திருச்சபை என்று பெயர்பெற்ற இந்தப் பாரசீகச் சபை 635-ல் சீனாவுக்குப் போயிருக்கிறது. சியான் நகரில் 781-ல் நட்ட கல்வெட்டு அதைச் சொல்கிறது. நமக்கும் அது தூரத்துச் செய்தி அல்ல. சென்னை பரங்கிமலைக் கோயிலில் இருக்கும் கற்சிலுவையைச் சுற்றி ஓடும் எழுத்து பாரசீகத்தின் பஹ்லவி. கொல்லத்தில் தரிசாப்பள்ளிக்கு நிலமும் உரிமையும் கொடுத்த 9-ஆம் நூற்றாண்டுச் செப்பேட்டில் வட்டெழுத்தோடு பஹ்லவிக் கையொப்பங்களும் இருக்கின்றன.

451-ல் கால்செதோன் சங்கம் கிறிஸ்துவை தெய்வம், மனிதம் என்ற இரு இயல்புகளில் அறிக்கையிட்டது. காப்டிக், சிரியன், அர்மீனியத் திருச்சபைகள் அதை ஏற்கவில்லை. உடனே அவர்களைக் "கிறிஸ்துவின் மனிதத்தன்மையை மறுப்பவர்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். மறுத்தது கான்ஸ்டான்டிநோபிள் துறவி யூத்திக்கேஸ், அவரை இந்தத் திருச்சபைகளும் கண்டிக்கின்றன. அலெக்சாந்திரியாவின் சிரிலு சொன்ன வழியில், தெய்வமும் மனிதமும் கலக்காமலும் பிரியாமலும் ஒன்றான ஒரே இயல்பு என்பது அவர்கள் விசுவாசம். "கிரேக்கருக்கு எதிரான எகிப்திய, சிரிய இன உணர்வுதான் இதற்குக் காரணம்" என்று மறுபக்கம் சாய்வதும் சரியல்ல. கால்செதோனை எதிர்த்தவர்களில் பெரிய இறையியலாளரான அந்தியோக்கியாவின் செவேரு எழுதியதே கிரேக்கத்தில்தான்.

சமாதானம் செய்ய 482-ல் பேரரசர் செனோ வெளியிட்ட சமரச ஆவணமே புதுப் பிளவைக் கொண்டுவந்தது. 484 முதல் 519 வரை ரோமும் கான்ஸ்டான்டிநோபிளும் உறவு முறித்திருந்தன. 1054-க்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னால்! அந்த 1054-ஐயும் சரியான அளவில் வையுங்கள். ஜூலை 16 அன்று கர்தினால் ஹம்பர்ட் கான்ஸ்டான்டிநோபிளின் ஹகியா சோபியா பேராலயப் பீடத்தில் வைத்த விலக்கு ஆணை, அந்நகரின் பிதாப்பிதா (தலைமை ஆயர்) செருலாரியுவையும் அவருடைய ஆட்களையும் குறித்தது. ஹம்பர்டை அனுப்பிய போப் ஒன்பதாம் லியோ ஏப்ரலிலேயே இறந்துவிட்டார். மக்கள் மனதில் ஆறாத காயம் 1204-ல் சிலுவைப்போர் வீரர்கள் கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடியதால் வந்தது.

தோற்றவர்கள் தாங்களே சொன்னது நமக்கு மிகத் தாமதமாகத்தான் கிடைத்தது. இரகசிய ஞானத்தால் மீட்பு வரும் என்ற ஞானவாதக் குழுக்களைப் பற்றி ஆயர் ஐரேனேயு போன்ற எதிராளிகள் எழுதியதே பெரும்பாலும் ஆதாரமாக இருந்தது, 1945-ல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே ஒரு ஜாடிக்குள் அவர்களுடைய ஏடுகள் கிடைக்கும்வரை. நெஸ்தோரியு தன் தரப்பை எழுதிய தற்காப்பு நூலும் சிரியாக் மொழிபெயர்ப்பில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் மேற்கத்திய அறிஞர்கள் கைக்கு வந்தது. பழைய புத்தகங்களிலிருந்து குறிப்பு எடுக்கும்போது, அது இவற்றுக்கு முன்பு எழுதியதா, பின்பு எழுதியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திருச்சபைகளே இப்போது எந்த இடத்துக்கு வந்திருக்கின்றன என்பதையும் பார்க்காமல் எழுதக் கூடாது. 1973-ல் போப் ஆறாம் பவுலும் காப்டிக் போப் மூன்றாம் ஷெனூதாவும் கிறிஸ்துவைப் பற்றிய பொது அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 1994-ல் போப் இரண்டாம் ஜான் பாலும் அசீரியக் கீழைத் திருச்சபையின் மார் தின்கா நான்காமவரும் கையெழுத்திட்டார்கள். மரியாளைக் கடவுளின் தாய் என்பதா, கிறிஸ்துவின் தாய் என்பதா என்று 431-ல் எபேசு பிளந்த அதே விஷயத்தில், இரண்டு வழக்கமும் ஒரே விசுவாசத்தின் சரியான வெளிப்பாடுகளே என்று அந்த அறிக்கை சொல்கிறது. முழு ஐக்கியம் இன்னும் வரவில்லை.