பெயிண்ட் புதுசு, எஞ்சின் பழசு: விண்டேஜ் காரில் செய்யக்கூடாத தவறுகள்

புதுப்பித்து முடித்த விண்டேஜ் காரைப் பார்த்தால் நேற்றுத்தான் ஷோரூமை விட்டு வந்ததுபோல இருக்கும். ஓட்டுகிறவரும் அப்படியே நம்பிவிடுகிறார். இந்தக் கார்களுக்கு வரும் சேதத்தில் பெரும்பங்கு இந்த நம்பிக்கையால் வருவதுதான். இன்றைய காரில் பெட்ரோலும் காற்றும் எந்த அளவில் கலக்க வேண்டும், ஸ்பார்க் எப்போது விழ வேண்டும் என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. 1920களின் காரில் அந்த வேலை முழுவதும் ஓட்டுகிறவர் தலையில்.

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் செல்ஃப் அடிக்காதீர்கள். எஞ்சின் ஓடாமல் கிடந்தால் பேரிங்குகளிலும் சிலிண்டர் சுவரிலும் இருந்த ஆயில் கீழே வடிந்துவிடும். அப்படியே எஞ்சின் பிடித்தால் முதல் சில நொடிகள் உலோகத்தோடு உலோகம் உரசும். பிளக்குகளைக் கழற்றி, இக்னிஷனை ஆஃப் செய்துவிட்டு, ஆயில் பிரஷர் முள் எழும்வரை எஞ்சினைச் சும்மா சுற்றவிடுங்கள். டேங்கில் கிடந்த பெட்ரோலையும் நம்ப வேண்டாம். எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தக் காலத்து ரப்பர் குழாய்களை ஊறவைத்துக் கெடுத்துவிடும். புதுப்பித்தபோது குழாய்களை மாற்றினார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெட்ரோல் வாடை வந்தால் காரணம் தெரியும்வரை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

அடுத்தது சோக், அதாவது காற்றைக் குறைத்துப் பெட்ரோல் கூடுதலாகப் போக வைக்கும் லீவர். குளிர்ந்த எஞ்சினுக்கு வேண்டும், சூடானதற்கு வேண்டாம். விஷயம் இவ்வளவுதான், ஆனால் கை சும்மா இருப்பதில்லை. பிடிக்கவில்லை என்றதும் சோக்கை முழுக்க இழுத்து, ஆக்சிலரேட்டரையும் நாலு மிதி மிதித்து, மறுபடி செல்ஃப். கொஞ்ச நேரத்தில் பிளக்கெல்லாம் பெட்ரோலில் நனைந்துவிடும். அதைவிட மோசம், மிஞ்சிய பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். இப்படி ஆகிவிட்டால் சோக்கை முழுக்க உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரை அடிவரை ஒரே மிதியாக மிதித்துப் பிடித்துக்கொண்டு சுற்றுங்கள். காற்று புகுந்து மிச்சப் பெட்ரோலை வெளியேற்றும்.

ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்யும் கார் என்றால் எலும்பு முறியவே வாய்ப்பு உண்டு. 1912 மாடல் காடிலாக்கில் மின்சார ஸ்டார்ட்டர் வந்த பிறகுதான் இந்த ஆபத்து மெல்லக் குறைந்தது. ஃபோர்டு மாடல் டி-யை எடுத்துக்கொள்வோம். ஸ்டீயரிங்குக்குக் கீழே இடப்பக்கம் ஸ்பார்க் லீவர், வலப்பக்கம் த்ராட்டில் லீவர் (கையால் இயக்கும் ஆக்சிலரேட்டர்). ஸ்டார்ட் செய்யும்போது ஸ்பார்க் லீவர் மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் ஸ்பார்க் தாமதமாக விழும். லீவர் கீழே இறங்கியிருந்தால் பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனைத் திருப்பி உதைக்கும். அந்த உதை ஹேண்டில் வழியாக நேராக மணிக்கட்டுக்கு வரும். தரையில் உள்ள ஹேண்ட் லீவரும் முழுக்கப் பின்னால் இழுபட்டிருக்க வேண்டும். பிரேக் பிடிப்பதும் அதுதான், காரை நியூட்ரலில் நிறுத்துவதும் அதுதான். மறந்தால், எஞ்சின் பிடித்த நொடியில் கார் உங்கள் மேலேயே ஏறி வரும்.

ஹேண்டிலைப் பிடிக்கும் விதம்தான் முக்கியம். கட்டை விரல் மற்ற நாலு விரல்களின் பக்கமே இருக்கட்டும். சுற்றி வளைத்து இறுக்கிப் பிடிக்கக்கூடாது. இடது கையால், கீழிருந்து மேல்நோக்கி ஒரே இழுப்பு. எஞ்சின் திருப்பி உதைத்தாலும் ஹேண்டில் விரல்களைத் திறந்துகொண்டு நழுவிப்போகும். மேலிருந்து கீழே அழுத்துகிறவருக்கு அந்த வசதி கிடையாது. உதை முழுவதையும் கை வாங்கும். சுழற்றிச் சுழற்றி ஸ்டார்ட் செய்வது சினிமாவில் பார்க்க நன்றாக இருக்கும், அதோடு விட்டுவிடுங்கள்.

ஓட்டத் தொடங்கியதும் பெடல் குழப்பம். மாடல் டி-யில் இடது பெடலை அழுத்தினால் முதல் கியர், முழுக்க விட்டால் டாப் கியர், இரண்டுக்கும் நடுவில் நியூட்ரல். நடுப்பெடல் ரிவர்ஸ், வலது பெடல் பிரேக். இன்றைய கார் ஓட்டிப் பழகியவர் பதற்றத்தில் கிளட்ச் என்று நினைத்து இடது பெடலை மிதித்தால், கார் முதல் கியரில் முன்னே தள்ளும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் ஆக்சிலரேட்டர் நடுவிலும் பிரேக் வலது ஓரத்திலும் இருக்கும். என்னைக் கேட்டால் இரண்டில் இதுதான் அதிக ஆபத்து, ஏனென்றால் மற்றதெல்லாம் பழகிய கார் மாதிரியே இருக்கும். காலியான மைதானத்தில் திடீர் பிரேக் அடித்து அடித்துப் பழகாமல் சாலைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

கியர் மாற்றும்போது பற்களின் வேகத்தைத் தானே சமன் செய்யும் சின்க்ரோமெஷ், கியர்பாக்ஸில் முதலில் வந்தது காடிலாக்கில், 1928-இல். அது இல்லாத காரில் டபுள் கிளட்ச் போட்டே ஆக வேண்டும். கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்ச்சை விட்டு, மறுபடி மிதித்து அடுத்த கியர். கீழ்க் கியருக்கு இறங்கும்போது நியூட்ரலில் கிளட்ச்சை விட்ட அந்த இடைவெளியில் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். கரகரவென்று சத்தம் வந்தால் கியரின் பல்லை இழைக்கிறீர்கள் என்று அர்த்தம். பலம் காட்டித் திணிக்காமல் நியூட்ரலுக்குத் திரும்பி மறுபடி போடுங்கள்.

பிரேக்கைப் பற்றிப் பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம். 1920களின் தொடக்கம்வரை பல கார்களில் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான் பிரேக். டிரம்மில் தண்ணீர் புகுந்தால் அதுவும் பிடிக்காது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறிப் பிடிப்பு போய்விடும். இறக்கம் தொடங்கும் முன்பே கீழ்க் கியருக்கு வந்துவிடுங்கள். முன்னால் நிறைய இடைவெளி விடுங்கள். அதில் யாராவது புகுவார்கள், மறுபடி விடுங்கள்.

டயரில் பட்டன் தேயாமல் இருந்தாலும் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் உள்ள தேதிக் குறியின் நான்கு இலக்கம் 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பேட்டரி 6 வோல்ட்டா, பாசிட்டிவ் எர்த்தா (பாசிட்டிவ் முனை காரின் பாடியோடு இணைந்ததா) என்று பார்க்காமல் ஜம்ப் கேபிள் மாட்டக்கூடாது. டைனமோ ஐடிலிங்கில் சரியாகச் சார்ஜ் ஏற்றாது. நெரிசலில் ஹெட்லைட் மங்குவது இதனால்தான்.

வாரம் ஒருமுறை ஷெட்டில் அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு அணைப்பதைப் பராமரிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். எஞ்சின் முழுதாகச் சூடாகாததால், எரியும்போது உண்டாகும் நீராவி ஆயிலிலும் சைலன்சரிலும் தண்ணீராகத் தங்கித் துருவை வளர்க்கும். மூடிய ஷெட் என்றால் விஷப்புகை வேறு. நன்றாகச் சூடேறும்வரை ஓட்ட முடிந்தால் எடுங்கள், இல்லையென்றால் அப்படியே நிற்கட்டும்.

புதிதாகக் கட்டிய எஞ்சினை முதல் சில நூறு கிலோமீட்டருக்கு விரட்டாதீர்கள். அதன் பிறகு ஆயிலை மாற்றுங்கள். பல பழைய எஞ்சின்களில் ஒருசில முறை சூடாகிக் குளிர்ந்ததும் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டின் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டியிருக்கும். எந்த வரிசையில், எவ்வளவு டார்க்கில் (முறுக்கு விசையில்) என்பது அந்தக் காரின் மேனுவலில் இருக்கும். குத்துமதிப்பாக முறுக்கினால் ஹெட் கோணிக்கொள்ளும்.